கோடும் கோவை இலையும்

ஆலங்குளம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோதுதான் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு. தென்காசியில் மனைவியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். ஒன்பது மணிக்கு முகூர்த்தம், அப்போது மணி எட்டேகால். பின் சீட்டில் மாமியார், அவர் மடியில் சீர்த்தட்டு. அந்த நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் என்ன நடக்கும் என்று கல்யாணமானவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எரிந்தால் எரியட்டும் என்று ஓட்டினேன்.

ஓட்டியது பெரிய தப்பில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த விளக்கு ஒரே சீராக எரிந்து, ஆயில் விளக்கு அணைந்திருந்து, சூட்டு முள்ளும் ஏறாமல் இருந்தால் பக்கத்து ஊர் வரை நிதானமாகப் போய்ச் சேரலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால்தான் ஆபத்து. ஏதோ ஒரு சிலிண்டரில் நெருப்பு சரியாகப் பற்றாமல், எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். அப்போது காலை எடுத்து ஓரங்கட்டத்தான் வேண்டும், பின் சீட்டில் யார் இருந்தாலும்.

என் வண்டியில் சூட்டு முள் ஏறவில்லை. ஏறாதது மட்டுமில்லை, அடிமட்டத்தில் படுத்தே கிடந்தது. நல்லவேளை, வண்டி சூடாகவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன். மே மாதம், வெளியே வெயில் கொளுத்துகிறது, வண்டி முப்பது கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, முள் மட்டும் எழும்பவே இல்லை. இதில் என்ன ஆறுதல் என்று அப்போது தோன்றவில்லை. சாப்பிட்டுவிட்டு மண்டபத்து வாசலில் வண்டியை எடுத்தபோது சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பெட்ரோல் வாடையும் அடித்தது. அதையும் கவனித்தேன், அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

பாளையங்கோட்டை வந்து சேர்ந்ததும் எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் சொன்னேன். ரொம்ப வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். எந்நேரமும் வாயில் வெற்றிலை.

"இதுக்குப் போயி ஒர்க் ஷாப்பா? பேட்டரி வயரக் கழத்தி அரைமணி நேரம் கெடக்கட்டும்னு விடுங்க தம்பி. எல்லாம் மறந்துரும். லைட்டும் அணஞ்சிரும்."

"எது மறந்துரும் அண்ணாச்சி?"

"ஈசிஎம்முதான். அதுக்கும் நம்மள மாதிரிதான், சோறு தண்ணி இல்லைன்னா எல்லாம் மறந்துபோவும்."

ஈசிஎம் என்று நம்மூர் மெக்கானிக்குகள் சொல்வது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரை. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், பிளக்கில் எந்த நொடியில் பொறி தட்ட வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்குப் போடுகிற பெட்டி. அண்ணாச்சி சொன்னது அந்தக் காலத்து வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும். அவற்றில் கற்றுக்கொண்ட விஷயங்களும் பழுதுக் குறிப்புகளும் பேட்டரியிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தால் உயிரோடிருக்கிற நினைவகத்தில் இருந்தன. மின்சாரம் போனால் நினைவும் போச்சு. பின்னாளில் வந்த பல வண்டிகளில் மின்சாரமே இல்லாவிட்டாலும் மறக்காத நினைவகம். அவற்றில் நாள் முழுக்கக் கழற்றிப் போட்டாலும் கடிகாரம் மட்டும்தான் மறக்கும். என்னுடையது 2014 வண்டி, இரண்டும் கலந்த ரகம்.

கழற்றினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் நெகட்டிவ், மாட்டும்போது அது கடைசியில். இது வெறும் சம்பிரதாயமில்லை. காரின் உடம்பு முழுக்க நெகட்டிவோடு இணைந்தது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் போல்ட்டைத் திருகி, ஸ்பேனரின் மறுமுனை பானெட் விளிம்பில் பட்டால், வெல்டிங் பட்டறையில் பறக்கிற மாதிரி பொறி பறக்கும். ரீசெட்டுக்கு நெகட்டிவ் ஒன்றைக் கழற்றினாலே போதும், பாசிட்டிவைத் தொடவே வேண்டாம். கழற்றிய வயரை ஒரு துணியில் சுற்றி ஒதுக்கிவிட்டு, ஹாரனையும் பிரேக்கையும் நாலு தடவை அழுத்தினால் உள்ளே தங்கியிருக்கிற மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டு வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. ஒன்று இன்னும் பேட்டரியில் இருப்பதை மறந்து தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வித்தை எனக்கு வேண்டாம்.

அரைமணி கழித்து மாட்டினேன். டக் என்று ஒரு சத்தம். நாலு கதவும் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே, டேஷ்போர்டு மேல். மாற்றுச் சாவி தென்காசியில், மாமியார் வீட்டு பீரோவில். (எதற்கு அங்கே என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.) நல்லவேளையாக டிரைவர் பக்கக் கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. துணி காயப்போடும் ஹேங்கரை நிமிர்த்தி, தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடி வேடிக்கை பார்க்க, முக்கால் மணி நேரம் மீன் பிடித்தேன். அன்றிலிருந்து பேட்டரியைத் தொடும்போது சாவி என் சட்டைப் பையில்தான்.

ஸ்டார்ட் செய்தேன். விளக்கு இல்லை. கடிகாரம் ஒரு மணி என்றது, ரேடியோவில் சேமித்திருந்த ஸ்டேஷன்கள் போய்விட்டன, ஒரு தட்டுத் தட்டினால் முழுசாக ஏறுகிற கண்ணாடி அந்தப் பழக்கத்தை மறந்திருந்தது. ஆனால் விளக்கு இல்லை. அண்ணாச்சிக்கு ஒரு கட்டு வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் முருகன்குறிச்சி பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது விளக்கு திரும்ப வந்தது.

இந்தமுறை ஒர்க் ஷாப்புக்குப் போனேன். ஒரு பையன் டேப்லட்டைச் செருகினான், ஏதோ பார்த்தான், ஏதோ அழுத்தினான், விளக்கு அணைந்தது. "கோடு வந்திருந்துச்சு சார், அழிச்சாச்சு. திரும்ப வந்தா சென்சார் மாத்தணும்." என்ன கோடு, எந்த சென்சார் என்று கேட்டேன். டேப்லட்டைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை, அழித்துவிட்டானே. பில் மட்டும் தெளிவாக இருந்தது.

ஈசிஎம் குறித்துவைக்கும் பழுது எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'code' என்று பெயர், அந்தச் சொல்லை நாம் கோடு என்று சொல்வது தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பள்ளிக்கூடத்து சிலேட்டு ஞாபகம் வந்தது. நாங்கள் கோவைக்கொடி இலையைக் கசக்கித் தேய்த்து சிலேட்டை அழிப்போம். அப்படி ஒரு பளபளப்பு வரும். வாத்தியார் வந்து கணக்கைக் காட்டு என்றால், போட்டேன் சார், அழிச்சிட்டேன் என்போம். தப்பாகப் போட்டிருந்தால் எந்த வரியில் தப்பு செய்தோம் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அண்ணாச்சியின் ஸ்பேனரும் அந்தப் பையனின் டேப்லட்டும் எனக்கு அந்தக் கோவை இலைதான்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்துவிட்டு வங்கியில் கணக்கெழுதப் போனவன் நான். வீட்டில் மல்டிமீட்டரும் சோல்டரிங் அயனும் தூசி படிந்து கிடந்தன. சரி, நாமே பார்ப்போம் என்று ஆயிரம் ரூபாய்க்குள், கோட்டைப் படித்து போனுக்கு அனுப்புகிற ஒரு புளூடூத் ரீடர் வாங்கினேன். இ.எல்.எம். 327 என்று எழுதியிருந்தது. அந்தப் பெயர் கொண்ட சிப்பை வடிவமைத்தது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ். முதல் பதிப்பை நகலெடுக்க முடியாதபடி பூட்டாமல் விட்டுவிட்டார்கள். அதனால் உலகமெங்கும் அதன் போலிகள்தான் ஓடுகின்றன. என் பெட்டியின் மேல் பதிப்பு 1.5 என்று பெருமையாக அச்சடித்திருந்தது. எல்ம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. போலிதான், ஆனாலும் வேலை செய்தது.

அதைச் செருகுகிற இடம் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் உயரத்தில் இருக்கும். பதினாறு பின் கொண்ட, பக்கம் சரிந்த சாக்கெட். அமெரிக்காவில் 1996 முதல் எல்லா கார்களிலும் இது கட்டாயம். இந்தியாவில் 2010-லும் 2013-லும் இரண்டு கட்டமாக வந்தது. பதினாறாவது பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். எனவே ரீடரைச் செருகியபடியே விட்டுவிட்டு வாரக்கணக்கில் ஊருக்குப் போனால், திரும்பி வந்து தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டிவரும்.

மறுபடி விளக்கு வரும்வரை காத்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு பழுது வரவேண்டுமென்று ஆசைப்பட்டது அந்த வாரம்தான். எந்தப் பள்ளத்தையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வந்தது. வீட்டுக்கு வந்து போனில் படித்தேன்: பி (P) 0118.

இந்த எழுத்தும் எண்ணும் பார்க்கத்தான் மிரட்டும். முதல் எழுத்து பி என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த சைபர், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் என்று சொல்கிறது. அங்கே ஒன்று இருந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்த எண், பொது அட்டவணையில் தேடிப் பயனில்லை. பி 0118 என்றால், எஞ்சினைக் குளிர்விக்கிற நீரின் சூட்டை அளக்கும் சென்சாரிலிருந்து வருகிற மின்னழுத்தம் அளவுக்கு மீறி ஏறிவிட்டது. சென்சார் கெட்டுவிட்டது என்று கோடு சொல்லவில்லை, அந்தப் பாதையில் ஏதோ சரியில்லை என்றுதான் சொல்கிறது. மெக்கானிக்குகள் பாதிப்பேர் தடுக்கி விழுகிற இடம் இது. கோட்டில் சென்சார் பெயர் வந்தால் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் இருந்தது. பழுது நடந்த அந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்று ஈசிஎம் எடுத்துவைத்த படம். வேகம் 34 கிலோமீட்டர். எஞ்சின் சுற்று 1,700 சொச்சம். நீரின் சூடு: மைனஸ் 40 டிகிரி.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாளையங்கோட்டையில், அக்கினி நட்சத்திரத்தில், நம் கார் சைபீரியாவில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

"அதுக்காவது குளுகுளுன்னு இருக்கட்டும், வீட்டு ஏசியத்தான் சரிபண்ண மாட்டேங்கிறீங்க" என்றாள்.

மைனஸ் 40 எங்கிருந்து வந்தது என்பது சின்னக் கணக்கு. அந்த சென்சார் சூடேற ஏற மின்தடை குறைகிற வகை. குளிர்ந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான ஓம், நன்றாகச் சூடானால் சில நூறு ஓம். ஈசிஎம் ஐந்து வோல்ட் அனுப்பி, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சூட்டைக் கணிக்கிறது. வயர் அறுந்துபோனால்? தடை முடிவில்லாதது, ஐந்து வோல்ட்டும் அப்படியே நிற்கிறது. எவ்வளவு தடையோ அவ்வளவு குளிர் என்று கற்றுக்கொடுக்கப்பட்ட பெட்டி, தனக்குத் தெரிந்த கடைசிக் குளிரைச் சொல்கிறது. சூட்டு முள் படுத்துக் கிடந்தது இதனால்தான். ஃபேன் எந்நேரமும் சுற்றியது, உண்மையான சூடு தெரியாதபோது எஞ்சினைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று அது எடுத்த முடிவு. பெட்ரோல் வாடைக்கும் காரணம் இதுவே, எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சியிருக்கிறது. அப்பாவிடம் ஒரு பத்மினி கார் இருந்தது. மார்கழிக் காலையில், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வார், சூடானதும் உள்ளே தள்ளிவிடுவார். தள்ள மறந்த நாளில் கரும்புகை தெரு முழுக்கப் போகும். என் வண்டி பத்து நாளாக சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. லிட்டருக்குப் பதினேழு கொடுத்தது பன்னிரண்டாக இறங்கியதை, கல்யாணத்துக்காக ஏசி போட்டு ஓட்டியதால் என்று நானே தீர்ப்பெழுதியிருந்தேன்.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தேன். 1.8 கிலோ ஓம். காலை நேரத்து வெப்பத்துக்கு அது நியாயமான அளவு. சென்சார் நல்ல பிள்ளை. அப்படியானால் வயர். கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரம் தடவிக்கொண்டே போனேன். மேலே சுற்றியிருந்த கறுப்பு டேப் ஓரிடத்தில் சொரசொரவென்று இருந்தது. உரித்தால் பல் பட்ட தடம். ஒரு வயரின் தோல் போய், உள்ளே செம்பு இழைகளில் பெரும்பாலானவை அறுந்து, இரண்டு மூன்று மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நின்றால் தொடும், பள்ளத்தில் இறங்கினால் விலகும். பக்கத்தில் நாலைந்து எலிப் புழுக்கை, கையெழுத்து போட்டுவிட்டுப் போன மாதிரி.

கெட்ட பகுதியை வெட்டி, அதே தடிமனில் ஒரு துண்டு வயர் வைத்து சோல்டர் செய்து, சுருங்கும் உறை போட்டு, டேப் சுற்றினேன். எல்லாம் சேர்த்து இருபது ரூபாய் இருக்கும்.

ரீசெட் இப்போதுதான். சாவியைப் போட்டு, எஞ்சினை ஓடவிடாமல், போனில் அழி என்ற பொத்தானை அழுத்தினேன். அதற்கு முன்னால் எண்ணையும் அந்தப் படத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்தப் பொத்தான் கோட்டை மட்டும் அழிப்பதில்லை, படத்தையும் சேர்த்துத்தான் அழிக்கிறது. உண்மையில் நான் அழிக்கக்கூட வேண்டியதில்லை. பழுது நீங்கிய பிறகு மூன்று பயணம் ஒழுங்காக முடிந்தால் விளக்கு தானாகவே அணையும். கோடும் இன்னும் நாற்பது தடவை எஞ்சின் சூடாகி ஆறியபிறகு பட்டியலிலிருந்து போய்விடும். பொறுமையில்லாதவர்களுக்குத்தான் பொத்தான். எனக்குப் பொறுமையில்லை.

ரீசெட் செய்த வண்டி கொஞ்ச நேரம் புதுசாக வேலைக்குச் சேர்ந்தவனைப் போல நடந்துகொள்ளும். நான் செய்வது இது: ஏசி, லைட், பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை அப்படியே விட்டுவிடுவேன். பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம். அப்புறம் ஊருக்குள் கொஞ்சம், நான்குவழிச் சாலையில் கொஞ்சம். ஐடிலிங், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் சுற்றுகிற வேகம், முதலில் ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். ஏர்பேக்குக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் தனித்தனிப் பெட்டிகள். அந்த விளக்குகளுக்கு இந்த வைத்தியம் இல்லை, வீட்டில் கை வைக்கவும் வேண்டாம்.

ரீசெட் செய்தால் மைலேஜ் ஏறும், பிக்கப் வரும் என்று நம்புகிறவர்கள் நிறைய. அந்த நம்பிக்கையைச் சோதிக்க ரீடர் கையிலேயே இருந்தது. ஈசிஎம் அடிப்படைக் கணக்கின்மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று ஒரு எண் உண்டு. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அது நாள்படக் கற்றுக்கொள்வது. அழிப்பதற்கு முன் நோட்டில் எழுதி வைத்தேன்: கூட்டல் 7. அழித்ததும் சைபர். அன்று வண்டி கொஞ்சம் வேறுமாதிரி ஓடியதாக எனக்கும்கூடத் தோன்றியது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன்: கூட்டல் 6. கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் மாறவில்லை, பெட்ரோல் மாறவில்லை, அது எப்படி வேறு பாடம் கற்கும்?

அந்தக் கூட்டல் ஏன் வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும், ஒன்பது கிலோ. இருபது சதவீத எத்தனால் கலந்தால் கணக்கு 13.5 பக்கம் வருகிறது. அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். 2014-இல் என் வண்டி வந்தபோது இந்தக் கலவை பங்க்கில் கிடையாது. நாம் டீக்கடையில் இ-20 பற்றி விவாதித்துக்கொண்டிருந்த நாட்களில், இந்தப் பெட்டி ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, சத்தமில்லாமல் தன் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறது. ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் அப்படித் திருத்திக்கொள்ள வழியில்லை, அது வேறு கவலை. கணக்கைப் பொறுத்தவரை, அது உழைத்துக் கற்றதை மைலேஜ் ஆசையில் நான் அழித்தால், இன்னொரு வாரம் உட்கார்ந்து அதையே படிக்கும்.

அழித்தே ஆகவேண்டிய சமயமும் உண்டு. எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டால் அளந்து விடுகிற திராட்டில் பாடியில் கரி படியப் படிய, ஐடிலிங் விழாமல் இருக்க ஈசிஎம் அந்தத் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறக்கக் கற்றுக்கொள்கிறது. ஒருநாள் நாம் கரியைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறோம். அதுவோ பழைய ஞாபகத்தில் அதே அளவு திறக்கிறது, வண்டி நின்ற இடத்தில் அலறுகிறது. அப்போது பழைய பாடத்தை அழிப்பதுதான் முறை. ஆக்சிஜன் சென்சார் மாற்றினாலும், பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தாலும் அப்படித்தான்.

அமெரிக்காவில் இந்த ரீசெட் ஒரு திருட்டு வித்தையாகவே இருந்திருக்கிறது. பல மாநிலங்களில் புகைப் பரிசோதனையே இந்தச் சாக்கெட்டில் செருகித்தான் நடக்கிறது. விளக்கு எரிந்தால் ஃபெயில். பரிசோதனை நிலைய வாசலில் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போனால் பாஸாகிவிடலாம் என்று ஆட்கள் யோசிக்காமல் இருப்பார்களா? அதற்காகவே ஈசிஎம்முக்குள் ஒரு பட்டியல் வைத்தார்கள்: எந்தெந்தப் பாகத்தை நானே சோதித்து முடித்துவிட்டேன் என்று. அழித்தால் அந்தப் பட்டியலும் காலியாகும், இப்போதுதான் அழித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று சோதனைக்காரருக்குத் தெரிந்துவிடும். அதுவும் போதாமல், 2010 மாடல் முதல் எந்த ரீடராலும் எந்த ஸ்பேனராலும் அழியாத நிரந்தரக் கோடு வந்தது. பழுது உண்மையாகவே சரியாகி, வண்டி தானே சோதித்துத் திருப்திப்பட்டால்தான் போகும். அந்த ஊர் சிலேட்டுக்குக் கோவை இலை பலிக்காது. நம்மூர் பி.யு.சி. புகைச் சோதனையில் சைலன்சருக்குள் ஒரு குழாயை விட்டுப் பார்ப்பதோடு சரி. மஞ்சள் விளக்கை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

விளக்கு அதற்குப் பிறகு வரவில்லை. மைலேஜ் பதினாறரைக்கு ஏறியது. நோட்டில் இப்போது தெருவில் நாலு வண்டிகளின் கோடுகள் இருக்கின்றன. அண்ணாச்சி மருமகனின் காரும் அதில் ஒன்று. கையில் ஸ்பேனரோடு வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து, முதலில் எண்ணை எழுதிக்கொண்டேன்.

மிச்சம் இருப்பது எலி. நாப்தலின் உருண்டை போட்டேன், காரில் ஏறினால் பீரோவுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அண்ணாச்சிதான் புகையிலை வைக்கச் சொன்னார். கட்டுக் கட்டாக வாங்கி, சூடு படாத இடமாகப் பார்த்து, பேட்டரிக்குப் பின்னால் வலைப் பையில் கட்டி வைத்தேன். ஒரு மாதம் எலி நடமாட்டமே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து பார்த்தால் பாதிப் புகையிலையைக் காணோம். எலிதான் தின்றதா, இல்லை வெற்றிலைக்குத் துணை வேண்டி யாராவது பானெட்டைத் திறந்தார்களா தெரியவில்லை. அண்ணாச்சியிடம் கேட்டேன். வாய் நிறைய இருந்ததால் அவர் பதில் சொல்லவில்லை.